கப்பல் சென்னையில் நிற்கும் ஒரு பகலில் மாமல்லபுரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றுலாக் கப்பலில் வந்து சென்னைத் துறைமுகத்தில் ஒரு பகல் இறங்குகிறவர்களில் நம் மக்கள் நிறைய பேர். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ லண்டனிலோ குடியேறி, பிள்ளைகளுக்கு மாமல்லபுரத்தைக் காட்டிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள். அவர்களும், அவர்களைப் பார்க்கக் காத்திருக்கும் சென்னைச் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

காலையில் இறங்கி மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட முடியுமா?

முடியும், நேரத்தைக் கணக்குப் பார்த்துச் செலவழித்தால். துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ராஜாஜி சாலை, மெரினா, சாந்தோம், அடையாறு, திருவான்மியூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிக்க வேண்டும். நகருக்குள் சிக்காமல் போனால் ஒன்றரை மணி நேரம். மெட்ரோ வேலை, பள்ளி நேரம், அலுவலக நேரம் எல்லாம் சேர்ந்தால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும்.

கப்பல் காலை 7 மணிக்குக் கரை சேர்ந்தாலும், குடியேற்றச் சோதனை முடிந்து வெளியே வர 9 மணி ஆகிவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 11 மணிக்கு மாமல்லபுரம். மாலை 6 மணிக்குக் கப்பல் புறப்படும் என்றால் 5 மணிக்குள் எல்லோரும் ஏறியிருக்கச் சொல்வார்கள். அப்படியானால் பிற்பகல் இரண்டு, இரண்டரைக்குள் அங்கிருந்து கிளம்ப வேண்டும். கையில் மிஞ்சுவது மூன்று மணி நேரம், அதிகம் போனால் மூன்றரை. இந்தப் பக்கத்தில் நான் சொல்வதெல்லாம் அந்த மூன்று மணி நேரத்தை வீணாக்காமல் இருப்பதற்காகத்தான். பத்து இடங்களின் வாசலில் நின்று படம் எடுப்பதைவிட, மூன்று இடங்களில் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு வருவது மேல்.

கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போகலாமா, நாங்களே கார் வைத்துக்கொள்ளலாமா?

இதில் உண்மையான வித்தியாசம் ஒன்றுதான். கப்பல் நிறுவனம் அழைத்துப்போன பேருந்து வழியில் மாட்டிக்கொண்டால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். நீங்கள் அமர்த்திய கார் மாட்டிக்கொண்டால் காத்திருக்காது.

காசு என்று பார்த்தால் தனிக் கார் மிகவும் மலிவு. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு நாள் காரும் வழிகாட்டியும் சேர்த்தே, கப்பல் சுற்றுலாவில் ஒருவருக்கு வாங்கும் தொகைக்குப் பக்கத்தில் முடிந்துவிடலாம். பேருந்தில் நாற்பது பேர் இறங்கி, நாற்பது பேரும் கழிப்பறைக்குப் போய்த் திரும்பி, கடைசி ஆள் ஏறும்வரை காத்திருக்கும் வேலையும் இல்லை. தமிழ் பேசத் தெரிந்தவருக்கு டிரைவரிடம் வழி சொல்வதிலோ கடையில் விலை கேட்பதிலோ சிரமமே கிடையாது. ஆகவே கப்பல் குறைந்தது ஒன்பது மணி நேரம் நிற்குமானால் தனிக் காரே என் தேர்வு. அதற்குக் குறைவாக நின்றால், பணம் போனாலும் பரவாயில்லை, கப்பல் சுற்றுலாவிலேயே போங்கள்.

கார் கப்பல் பக்கத்திலேயே வந்து நிற்குமா?

நிற்காது. துறைமுகத்துக்குள் அனுமதிச் சீட்டு இல்லாத வண்டி நுழைய முடியாது. பயணிகள் முனையத்திலிருந்து வாயில்வரை கொண்டுவிட வண்டி உண்டா, எந்த வாயிலில் விடுவார்கள் என்பதை முந்தின நாளே கப்பலின் வரவேற்பு மேசையில் கேட்டு டிரைவருக்குச் சொல்லிவிடுங்கள். துறைமுகத்துக்கு வாயில்கள் பல. டிரைவர் ஒன்றிலும் நீங்கள் இன்னொன்றிலும் நின்றுகொண்டு போனில் தேடுவதில் அரை மணி நேரம் போய்விடும். செயலி வழியாக அழைக்கும் டாக்சியைவிட, திரும்பி வரும்வரை கூடவே இருக்கும் நாள் வாடகைக் கார்தான் நல்லது. மாமல்லபுரத்தில் திரும்புவதற்கு வண்டி தேடும் நிலை வரக்கூடாது.

விசா வேண்டுமா? ஒரு நாள்தானே இறங்குகிறோம்?

ஒரு நாளானாலும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு விசா வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் இ-விசா செல்லும். கப்பல் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். கொச்சியில் இறங்கி, கொழும்பு போய், மறுபடி சென்னை வரும் பயணமாக இருந்தால் ஒருமுறைக்கு மேல் நுழையும் உரிமை விசாவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருப்பவருக்குத் தனி விசா தேவையில்லை. ஆனால் அட்டை கையில் இருக்க வேண்டும், சிங்கப்பூர் வீட்டு அலமாரியில் இருந்தால் பயனில்லை.

கப்பல் நேரமும் சென்னை நேரமும் ஒன்றா?

இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், தாய்லாந்து ஒன்றரை மணி நேரம் முன்னால். சில கப்பல்கள் துறைமுகத்துக்குத் துறைமுகம் கடிகாரத்தை மாற்றும், சில மாற்றாது. போன் இறங்கியதும் தானாகவே இந்திய நேரத்துக்கு மாறிவிடும். “5 மணிக்குள் ஏறவும்” என்று அறிவிப்பில் போட்டிருப்பது எந்த 5 மணி என்று தெரியாமல் கரை இறங்கக்கூடாது. கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, இரண்டும் ஒரே நேரம்.

எதை முதலில் பார்ப்பது?

ஐந்து ரதங்கள், பிறகு அர்ச்சுனன் தபசும் பக்கத்துக் குடைவரைகளும், கடைசியில் கடற்கரைக் கோயில். ரதங்கள் இருக்கும் இடத்தில் நிழலே இல்லை, மணல் சுடும். ஆகவே உச்சி வெயிலுக்கு முன் அதை முடித்துவிட வேண்டும். தபசுப் பாறை கிழக்கு பார்த்தது. உச்சிப் பொழுதை ஒட்டி வெயில் மேலிருந்து பாறையை உரசிக்கொண்டு இறங்கும்போது ஒவ்வொரு உருவத்துக்கும் கீழே நிழல் விழுந்து சிற்பம் எடுப்பாகத் தெரியும். பிற்பகலில் முழுப் பாறையும் நிழலுக்குள் போய்விடும், புகைப்படத்தில் எல்லாம் தட்டையாக விழும். பக்கத்தில் கிருஷ்ண மண்டபத்துக்குள் நுழைந்தால் வெயிலுக்கும் ஒதுங்கின மாதிரி ஆயிற்று. கடற்கரைக் கோயிலில் காற்று வரும், அதனால் அதைக் கடைசியில் வைக்கலாம்.

ஐந்து ரதங்களில் என்ன பார்க்க வேண்டும்? பாண்டவர்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

தொடர்பு எதுவுமில்லை. திரௌபதி, அர்ச்சுனன், பீமன், தருமராசன், நகுல சகாதேவன் என்ற பெயர்கள் எல்லாம் பிற்காலத்தில் மக்கள் வைத்தவை. இவை 7ஆம் நூற்றாண்டில் பல்லவர்கள் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி எடுத்த கோயில்கள். பெரும்பாலானோர் இதை மாமல்லன் என்ற முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில் தொடங்கிய வேலை என்பார்கள். எல்லாமே பின்னால் வந்த பல்லவ மன்னன் ராசசிம்மன் செய்வித்தவை என்று வாதிட்ட அறிஞர்களும் உண்டு.

நான் பிள்ளைகளிடம் முதலில் காட்டச் சொல்வது கூரைகளை. திரௌபதி ரதத்தின் கூரை அப்படியே நம் ஊர் ஓலைக் குடிசை. பீம ரதத்தின் கூரை நீளமான வண்டிக் கூண்டு போல வளைந்திருக்கும். தருமராச ரதம் அடுக்கடுக்காக ஏறும். நகுல சகாதேவ ரதத்தின் பின்புறம் யானையின் பின்புறம் போல வளைந்திருக்கும், தூங்கானை மாடம் என்பது இந்த அமைப்பைத்தான். சிற்பி அதன் பக்கத்திலேயே ஒரு முழு யானையையும் செதுக்கி நிறுத்தியிருக்கிறார். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கும்படி பின்னால் போய் நில்லுங்கள். மரத்திலும் ஓலையிலும் மண்ணிலும் அன்று கட்டப்பட்டவை எதுவும் இன்று மிஞ்சவில்லை. அவை எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் சாட்சி இந்தக் கல்தான்.

அடுத்து, முடியாமல் விட்ட இடங்கள். மேலே நுணுக்கமாக முடிந்திருக்கும், கீழே வர வர உளி பட்ட கரடு அப்படியே நிற்கும். பீம ரதத்தின் கீழ்ப்பகுதியில் இது நன்றாகத் தெரியும். வேலை எப்படி நடந்தது என்பதை முடிந்த சிற்பத்தைவிட முடியாத கல்தான் தெளிவாகச் சொல்லிக்கொடுக்கும். திரௌபதி ரதத்தின் உள்ளே எட்டிப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். நின்ற கோலத்தில் கொற்றவை, காலடியில் மண்டியிட்ட அடியவர்கள், அவர்களில் ஒருவர் தன் தலையையே அரிந்து தரும் பாவனையில். பேருந்துக் கூட்டம் இதைப் பார்க்காமலே கடந்துவிடுகிறது.

அர்ச்சுனன் தபசு: அது அர்ச்சுனனா, பகீரதனா?

அறிஞர்களே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். ஒற்றைக் காலில் கையுயர்த்தித் தவம் செய்யும் முனிவர், எதிரே வரம் தரும் சிவன். சிவனிடம் பாசுபதக் கணை கேட்ட அர்ச்சுனன் என்றாலும் பொருந்தும், கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் என்றாலும் பொருந்தும். பாறையின் நடுவே இயற்கையான ஒரு பிளவு இருக்கிறது. அதில் நாகர்கள் மேல்நோக்கி எழுகிறார்கள். பிளவுக்கு மேலே நீர் தேக்கி வைக்க ஏற்பாடு இருந்த தடயம் உண்டு. விழா நாளில் அங்கிருந்து தண்ணீர் திறந்துவிட்டு, கங்கை இறங்குவதை நேரில் காட்டியிருப்பார்கள் என்று சொல்பவர்களுக்கு அது பலமான ஆதாரம். என் மனம் பகீரதன் பக்கம்தான். ஆனாலும் அந்த விவாதத்திலேயே நேரத்தைக் கழித்துவிடாதீர்கள்.

ஏறக்குறைய 30 மீட்டர் நீளப் பாறை, நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். சாலை ஓரத்திலேயே இருப்பதால் காரிலிருந்து இறங்கி ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெரிய யானை அருகே ஒரு பூனை நிற்கும். முன்கால்களை மேலே தூக்கி, கண்ணை மூடி, அதே முனிவரைப் போலத் தவக்கோலம். வயிறு ஒட்டி விலா எலும்புகூடத் தெரியும். அதன் காலடியில் எலிகள் நம்பி வந்து நிற்கின்றன. இன்னொரு இடத்தில் மான் ஒன்று பின்னங்காலை முன்னால் கொண்டுவந்து மூக்கைச் சொறிந்துகொள்கிறது. யானைக் குட்டிகள் பெரிய யானையின் கால்களுக்கிடையே கிடக்கின்றன. தேவர்களும் கின்னரர்களும் மேலே பறக்க, கீழே காட்டு விலங்குகள் தம் பாட்டுக்கு இருக்கின்றன. பிள்ளைகளிடம் “பூனையைக் கண்டுபிடி, மானைக் கண்டுபிடி” என்று சொல்லிவிட்டால் அரை மணி நேரம் போவதே தெரியாது.

பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் கோவர்த்தன மலையைத் தூக்கும் கண்ணன். ஆனால் கூட்டத்தின் நடுவே ஒருவன் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கும் காட்சிதான் அங்கே உயிர். தூண் மண்டபம் பிற்காலத்தில் முன்னால் கட்டியது, சிற்பம் பல்லவர் காலத்தது.

படி ஏற முடிந்தால் வேறு எதைச் சேர்த்துக்கொள்ளலாம்?

மகிஷாசுரமர்த்தினி மண்டபம், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில். ஒரு சுவரில் சிங்கத்தின் மீது பாய்ந்து வரும் துர்க்கை, எருமைத்தலையோடு பின்வாங்கும் அசுரன். எதிர்ச் சுவரில் பாம்பணையில் அசையாமல் துயிலும் திருமால். நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பாருங்கள். ஒரு பக்கம் முழுக்க வேகம், மறுபக்கம் முழுக்க அமைதி. மாமல்லபுரத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

வெண்ணெய் உருண்டைக் கல்?

சரிவில் நிற்கும் பெரிய உருண்டைப் பாறை, யாரும் செதுக்கியதல்ல. தாங்கிப் பிடிப்பது போலப் படம் எடுக்க எப்போதும் கூட்டம் இருக்கும். 2019 அக்டோபரில் பிரதமர் மோதியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இங்கே நின்று கைகோத்துப் படம் எடுத்த பிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது. பிள்ளைகள் கேட்டால் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

கடற்கரைக் கோயிலில் பூசை உண்டா?

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம் அது, வழிபாடு இல்லை. பூசை நடக்கும் கோயில் ஊருக்குள் இருக்கும் தலசயனப் பெருமாள் கோயில். 108 திவ்விய தேசங்களில் ஒன்று, பூதத்தாழ்வார் பிறந்த தலம். பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் கப்பல் பயணிகளுக்கு உள்ளே போக வாய்ப்பது குறைவு.

கடற்கரைக் கோயில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராசசிம்மன் கட்டியது. ரதங்கள் போலச் செதுக்கி எடுத்ததல்ல, வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது. கடலைப் பார்த்த பெரிய சிவன் கோயில், மேற்கு பார்த்த சிறிய சிவன் கோயில், இரண்டுக்கும் நடுவே இயற்கைப் பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள். பலர் நடுவில் இருக்கும் பெருமாளைத் தவறவிடுகிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

உப்புக் காற்று இந்தக் கல்லை அரித்துக்கொண்டே இருக்கிறது. முகங்கள் மழுங்கிவிட்டன. கடலைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டி, சவுக்குத் தோப்பு வளர்த்து, கல்லில் ஏறிய உப்பைக் காகிதக் கூழ் பூசி உறிஞ்சி எடுத்து, தொல்லியல் துறை பாடுபட்டுக் காத்துவருகிறது. அதனால்தான் சொல்கிறேன், சுவரில் சாயாதீர்கள், பிள்ளைகளை நந்திகள் மீது ஏற்றி உட்காரவைத்துப் படம் எடுக்காதீர்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டு தாங்கிய கல்லை நம் கை தேய்க்கக்கூடாது.

இந்த ஊர் அந்தக் காலத்தில் துறைமுகம். யானைகளும் நவமணிக் குவியல்களும் சுமந்து பாரத்தால் தாழ்ந்து மிதக்கும் கலங்களைக் கடல்மல்லையில் (மாமல்லபுரத்தின் பழைய பெயர்) கண்டதாகத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். கப்பலில் வந்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இது.

நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

ஒரே சீட்டில் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் பார்க்கலாம், சீட்டைத் தொலைக்காதீர்கள். இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய், இணையத்தில் எடுத்தால் கொஞ்சம் குறையும். 15 வயதுக்குட்பட்டவருக்கு இலவசம். இலங்கை போன்ற சார்க் நாட்டவருக்கும், ஓசிஐ அட்டை உள்ளவருக்கும் இந்தியக் கட்டணம்தான். அட்டையையோ கடவுச்சீட்டையோ காட்ட வேண்டும். தமிழ் பேசினால் போதும், யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்து வராதீர்கள். காலை 6 முதல் மாலை 6 வரை திறந்திருக்கும்.

காஞ்சிபுரத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். காஞ்சி சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர், அங்கிருந்து மாமல்லபுரம் இன்னொரு 65 கிலோமீட்டர். பெரிய கோயில்கள் நண்பகலில் சாத்தி மாலை நாலு மணிக்குத்தான் திறக்கும். வண்டியிலேயே பகல் போய்விடும். பல்லவர் கலையில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர், இரவு தங்க வாய்ப்புள்ளவர், தனியாகக் கைலாசநாதர் கோயிலுக்கு வரட்டும்.

வழியிலேயே இருக்கும் முட்டுக்காடு தட்சிணசித்ரா, வடநெம்மேலி முதலைப் பண்ணை, சாளுவன்குப்பம் புலிக்குகை எல்லாம் நல்ல இடங்கள்தாம். சாளுவன்குப்பத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு தோண்டியபோது செங்கல்லால் கட்டிய மிகப் பழைய முருகன் கோயில் வெளிப்பட்டது. நேரம் மிஞ்சினால் மட்டும் அது.

பாட்டி நடக்கச் சிரமப்படுவார். அழைத்துவரலாமா?

தாராளமாக. தபசுப் பாறையைச் சாலையோரத்திலேயே நின்று பார்த்துவிடலாம். கடற்கரைக் கோயிலுக்கு நல்ல நடைபாதை உண்டு, சக்கர நாற்காலி போகும். ரதங்களில் மணல், சக்கரம் புதையும். குன்றின் மேல் உள்ள குடைவரைகளுக்குப் பாட்டியை ஏற்ற வேண்டாம். குடை, தொப்பி, தண்ணீர் மூன்றும் வயது பார்க்காமல் எல்லோருக்கும் வேண்டும்.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, புயல் வந்தால் கப்பலே தடம் மாறலாம். காணும் பொங்கலன்று கடற்கரைச் சாலை முழுக்க ஜனவெள்ளம், அன்று துறைமுகத்தில் இறங்கினால் நகருக்குள்ளேயே இருந்துவிடுங்கள். மாசி மகத்துக்கு இருளர் பழங்குடி மக்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடி வழிபடுவார்கள், அது பார்க்கக் கிடைத்தால் பாக்கியம். மரியாதையோடு தள்ளி நின்று பாருங்கள்.

சாப்பாடு?

ஒத்தவாடைத் தெருப் பக்கம் மீன் கடைகள் உண்டு, ஆனால் சமைத்துக் கொண்டுவர நேரம் பிடிக்கும். இலைச் சாப்பாடோ, வரும் வழியில் வாங்கிய புளிசாதம், தயிர்சாதமோ போதும். இளநீர் எங்கும் கிடைக்கும். கோயில் அருகே கடலில் குளிக்க வேண்டாம், நீரோட்டம் இழுக்கும்.

கற்சிலை வாங்கலாமா? கப்பலில் ஏற்ற விடுவார்களா?

வாங்குங்கள், பட்டறையிலேயே வாங்குங்கள். உளிச் சத்தம் இன்றும் ஓயாத ஊர் இது. அரசு சிற்பக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது, இவ்வூர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மாக்கல் பொம்மை இலகுவானது, விலையும் குறைவு. கருங்கல் என்றால் உள்ளங்கை அளவே கனக்கும். கட்டாயம் பில் வாங்குங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போவது குற்றம், உங்களுடையது புதிய சிலை என்பதற்கு அந்தப் பில்தான் சான்று. “பழைய சிலை” என்று யாராவது காட்டினால் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுங்கள்.

சென்னையில் இருக்கும் அத்தையும் சித்தப்பாவும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். கப்பலுக்கு வரலாமா?

முன் அனுமதி இல்லாமல் யாரும் கப்பல்வரை வர முடியாது. துறைமுக வாயிலில் நிற்கச் சொல்லி வயதானவர்களை வெயிலில் வாட்டாதீர்கள். அவர்களை நேரே மாமல்லபுரத்துக்கு வரச் சொல்லுங்கள், அல்லது திருவான்மியூரில் ஏற்றிக்கொள்ளுங்கள். போகிற வழியிலேயே பேசி முடித்துவிடலாம். அத்தை முறுக்கும் அதிரசமும் கட்டிக்கொண்டு வருவார். பல கப்பல்களில் வீட்டுச் சமையலை ஏற்ற விடுவதில்லை, எனவே அங்கேயே எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள்.

கப்பல் ஐந்தாறு மணி நேரம்தான் நிற்கிறது. என்ன செய்வது?

மாமல்லபுரத்தை விட்டுவிடுங்கள். துறைமுகத்துக்கு எதிரிலேயே புனித ஜார்ஜ் கோட்டை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அமராவதிச் சிற்பங்களும் இருக்கின்றன, நடராசர் ஒருவருக்காகவே போகலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்கு நண்பகலுக்கு முன் போய்விடுங்கள்.

திரும்பும்போது நெரிசலில் மாட்டிக்கொண்டால்?

கப்பலிலிருந்து இறங்கும்போதே அன்றைய அறிவிப்புத் தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். தாமதம் என்று தெரிந்தவுடன் அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், வாயிலுக்கு வந்து சேர்ந்த பிறகல்ல. கடவுச்சீட்டு, கப்பல் அட்டை, மருந்து, கொஞ்சம் ரூபாய் நோட்டு நான்கும் உங்கள் பையிலேயே இருக்கட்டும், அறையில் விட்டு இறங்காதீர்கள்.